குரல்வளையில் இருந்த மோதிரம்

கழுத்தில் ஆபரேஷன் என்றதும் எல்லோரும் "தைராய்டுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. எனக்கு வந்தது எலும்பில். அதுவும் முழு எலும்பு இல்லை, குருத்தெலும்பு. ஆட்டுக்கறி தின்கிறவர்களுக்குத் தெரியும், நெஞ்செலும்பின் நுனியில் வெள்ளையாக, பல்லுக்கு நறுக்கென்று அகப்படுமே, அதுதான். நம் மூக்கு நுனியிலும் காது மடலிலும் இருப்பது அதே சாமான். குரல்வளையும் அதனால் ஆனது. அதில் கட்டி வருவது மிகவும் அபூர்வம் என்றார்கள். பெரிய டாக்டரே தன் அனுபவத்தில் ஒருசில பேரைத்தான் பார்த்திருக்கிறாராம். அபூர்வம் என்றால் பெருமையாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு அப்படி இருக்கவில்லை.

என் பெயர் பழனாத்தாள். பிறந்தது சேவூர்ப் பக்கம், வாக்கப்பட்டது திருப்பூரில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. இதை என் கையால்தான் எழுதுகிறேன். மருமகள் கவிதா பிழைகளைத் திருத்தி, ஓட்டமாக ஓடிய வரிகளை உடைத்துக் கொடுத்தாள். அவளாகச் சேர்த்த இரண்டு மூன்று அழகான வார்த்தைகளை நான் அடித்துவிட்டேன்.

குரல் எனக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பையன் சிவகுமார் நடக்கப் பழகுகிற காலத்திலேயே அவர் காலமாகிவிட்டார். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு சரியாகச் சாத்தாது. நான் ஒரு அதட்டுப் போட்டால் தெரு திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலை நம்பித்தான் பையனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை வெட்டி அனுப்ப வேண்டும். வருஷங்கள் போகப்போக அந்தப் பகுதி முழுக்க என் பொறுப்புக்கு வந்தது. அத்தனை மெஷின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி என் குரல் கேட் வரைக்கும் போகும். முதலாளியே மெதுவாகப் பேசச் சொல்லி ஆள் அனுப்புவார்.

பனியன் கம்பெனியில் தொண்டை கட்டினால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. காரணம் தெரிந்ததுதான், பஞ்சு. மருந்தும் தெரிந்ததுதான், வெல்லம். வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்து விழுங்கினால் தொண்டையில் ஒட்டிய பஞ்சை அது இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். என் மேசைக்கடியில் எப்போதும் ஒரு டப்பா அச்சுவெல்லம் இருக்கும். குரல் கம்மத் தொடங்கியபோது வெல்லத்தைக் கூட்டினேன். இன்னும் கம்மியது. இன்னும் கூட்டினேன்.

நூர்ஜகான் என் எதிர் மேசைக்காரி. என்னைவிட இளையவள், ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்குப் பயப்படாத ஒரே ஆள்.

"ஏக்கா, உன்ற தொண்ட கிழிஞ்ச மொறத்தாட்டம் கேக்குது. டாக்டருகிட்டப் போய்க் காட்டிப்போட்டு வா."

"பஞ்சுடி நூரு. ரெண்டு நாள்ல எறங்கிரும்."

"ரெண்டு வருசமா எறங்குது உன்ற பஞ்சு. உள்ள இந்நேரம் ஒரு தலகாணி தச்சிருக்கும்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பின் கடைசியில் 'ஈ' என்று ஒரு விசில் வந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தெருமுனை டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். உறிஞ்சிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கவிதாதான் பிடிவாதமாக என்னை வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். வயதில் சின்னப் பெண். எல்லோரும் நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்கிற குழாயை அவள் என் கழுத்தில் வைத்தாள்.

"மூச்சு விடறப்ப சத்தம் வருதுங்களா, இழுக்கறப்ப வருதுங்களாம்மா?"

"இழுக்கறப்பத்தானுங்க கண்ணு."

"அப்ப இது நெஞ்சுல இல்லீங்கம்மா. மேல, தொண்டையில."

ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போதுதான் விசில் வருமாம். தொண்டைக்குள் வழி குறுகினால் இழுக்கும்போது வரும். இவ்வளவுதான் வித்தியாசம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, நுனியில் இருக்கும் கேமராவால் தொண்டையைப் பார்க்கிற டாக்டரிடம் எழுதிக் கொடுத்தாள். அவர் டிவியில் காட்டினார். புண் எதுவும் இல்லை, தோல் வழுவழுவென்றுதான் இருந்தது. ஆனால் குரல் நாண்களுக்குக் கீழே, தோலுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று வழியை முட்டிக்கொண்டு நின்றது. சிடி ஸ்கேனில் அது சோளப்பொரியைக் கைநிறைய அள்ளி வைத்தாற்போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. குருத்தெலும்புக் கட்டியில் சுண்ணாம்புச் சத்து அப்படிச் சேருமாம். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் பையனை உள்ளே கூப்பிட்டார்.

சிவகுமார் வெளியே வந்து, "தைராய்டாம்மா. கோயமுத்தூர்ல காட்டோணுமாம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் பொய்யை நான் அங்கேதான் பார்ப்பேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒரு ஊர் மாதிரி இருந்தது. சீட்டுப் போட ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, காப்பீட்டு அட்டையைக் காட்ட ஒரு வரிசை. சிவகுமார் என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தான், கவிதா பின்னால் வந்தாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான் என்று அவன் நினைத்திருந்தான். பெட்டிகளில் சைஸ் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எண்களும், பஸ்ஸில் ஊர்ப் பெயர் பார்த்துப் பார்த்துத் தமிழும் எனக்கு மெதுவாகப் படிக்க வந்திருந்தது. ஒரு வளைவில் திரும்பும்போது மேலே போர்டு. நின்றேன். எழுத்துக்கூட்டினேன். புற்று. நோய். பிரிவு.

"ஏன்டா கண்ணு, தைராய்டுக்கு இந்தப் பக்கந்தான் போறதா?"

அவன் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தான். கவிதா முன்னால் வந்து, "அத்தை, உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னனுங்க. இவருதான் கேக்கல" என்றாள்.

"ஏம்மிணி, இப்பச் சொல்லு."

அவள் நடைபாதையிலேயே நிறுத்திச் சொன்னாள். கட்டி இருக்கிறது, அது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை, ஆபரேஷன் வேண்டியிருக்கும், குரலுக்கு ஆபத்து வரலாம். பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் போனது, நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். நான் அழவில்லை. காபி வாங்கித் தரச் சொன்னேன். அந்தக் காபியில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அறுவை டாக்டர் ஐம்பது வயதுக்காரர், பேச்சில் அவசரமில்லாதவர். குரல்வளைக்கு அடியில் மோதிரம் போல ஒரு குருத்தெலும்பு இருக்கிறதாம். முன்னால் மெல்லிசு, பின்னால் அகலம். கல் வைத்த மோதிரத்தைத் திருப்பிப் போட்டாற்போல. மூச்சு அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். என் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டிக் கேட்டார்.

"இது உள்பக்கமா தடிச்சுக்கிட்டே வந்தா விரல் என்னம்மா ஆகும்?"

"நசுங்குமுங்க."

"அதான் நடக்குது. உங்க மூச்சுதான் அந்த விரல்."

ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அதைப் பயாப்சி என்கிறார்கள். கட்டி கெட்டியாக இருந்ததால் ஊசி உள்ளே போகாமல் வழுக்கியது. மூன்று தடவை குத்தினார்கள். சில நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் குருத்தெலும்பு வளர்ச்சிதான், புற்று இல்லை. சிவகுமார் ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்து வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். டாக்டர் மட்டும் ஜிலேபியைத் தொடவில்லை. ஒரே கட்டியில் ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை கெட்டதாகவும் இருக்குமாம். நாம் எடுத்தது சாதுவான மூலையாக இருந்தால் ரிப்போர்ட்டும் சாதுவாகத்தான் வரும். துணுக்கை வைத்துப் பார்த்த கண்ணாடித் தகடுகளை வேறொரு நிபுணருக்கு அனுப்பி, இன்னொரு துணுக்கும் எடுத்தார். இந்தத் தடவை பெயர் வந்தது. காண்ட்ரோசார்கோமா. குருத்தெலும்புப் புற்று. மெதுவாக வளர்கிற வகை, வேறு இடத்துக்குப் பரவுவது குறைவு என்றார். கரண்டு வைப்பது என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சுக்கும் மருந்து ஏற்றுவதற்கும் இது அவ்வளவாக மசியாது. கத்திதான் வழி.

அன்றைக்குப் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு அந்த ஜிலேபி தின்ற அம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். எகிறியிருந்தது. அதுவரை யாரும் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை.

"இனிப்பு நிறையச் சாப்பிடுவீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. வெல்லம் மட்டுந்தானுங்க."

"எவ்வளவு?"

நான் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பஞ்சுக்காக என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. உணவு போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு, வெல்லம் பஞ்சைத் தொடக்கூட முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். இந்தக் கட்டி பஞ்சால் வந்ததும் இல்லையாம். எதனால் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். பஞ்சு இல்லை என்றதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் எதிரி என்று ஒன்றைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது அங்கே இல்லவே இல்லை.

சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது அறுத்தால் புண் ஆறாது. வார்டில் சேர்த்து இன்சுலின் போட்டு இறக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்கு எமனாக வந்தது.

ஒரு சாயங்காலம். பார்வையாளர் நேரம். கவிதா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சளி மாதிரி ஏதோ அடைத்தது. செருமினேன், போகவில்லை. அடுத்த மூச்சை இழுத்தேன், வரவில்லை. கிணற்றில் முங்கினவள் மேலே வரத் துடிப்பதைப் போல இரண்டு கையாலும் காற்றைப் பிராண்டினேன். கவிதா, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்திய கத்தல் எனக்குத் தூரத்தில் கேட்டது. மூக்கில் ஆக்சிஜன் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மயக்கம் கொடுத்தால் இருக்கிற மூச்சும் நின்றுவிடும், கழுத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே ஓட்டை போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

டாக்டரின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. "அம்மா, என் கண்ணைப் பாருங்க. மூச்சை இழுக்கப் பாருங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

கழுத்தில் அழுத்தியதும் துடைத்ததும் தெரிந்தது. வலி பெரிதாக இல்லை. பயம்தான். பயத்தில் மனுஷருக்குச் சாமி ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. காற்று, காற்று என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் என் தலைக்குள் இல்லை. திடீரென்று கழுத்திலிருந்து 'புஸ்' என்று சத்தம் வந்தது. நெஞ்சு நிறைந்தது. கட்டிக்குக் கீழே ஓட்டை போட்டுக் குழாய் சொருகிவிட்டார்கள். டிரக்கியாஸ்டமி என்று அதற்குப் பெயர்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். காற்று குரல் இருக்கும் இடம் வரைக்கும் ஏறாமல் பாதியிலேயே குழாய் வழியாகப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஸ்கேனை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் ஸ்கேன் பார்த்த டாக்டரைப் போலவே இவரும் என் பையனைப் பார்த்து, "வெளில வாங்க, பேசலாம்" என்றார். நான் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினேன். வார்டே திரும்பியது. டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மோதிரத்துல பாதிக்கு மேல கட்டி புடிச்சிருச்சும்மா. ரெண்டு வழி இருக்கு. உள்ள வளர்ந்ததை மட்டும் சுரண்டி எடுக்கலாம். குரல் கரகரன்னு இருக்கும், ஆனா இருக்கும். கட்டியோட வேர் மிச்சம் இருக்கறதால திரும்ப வளரும். இன்னொண்ணு, குரல்வளையை முழுசா எடுத்துடறது. அப்படி எடுத்தா கட்டி திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா கழுத்து ஓட்டையிலதான் காலம் பூரா மூச்சு. பேச்சு இருக்காது."

"முழுசா எடுத்துருங்க சார். எங்களுக்கு அம்மா வேணும்" என்றான் சிவகுமார்.

எனக்கு அவன்மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவது? அவன் அழுதுகொண்டுதான் சொன்னான். ஆனாலும் என் வீட்டுச் சாமானை என்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பதைப் போல இருந்தது. அவன் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். கவிதா கேட்டதற்கு ஒரு தாளில் 'சுரண்டினால் போதும்' என்று எழுதிக் காட்டினேன்.

மறுநாள் நூர்ஜகான் வந்தாள். பஸ் மாறி, பிரியாணிப் பொட்டலத்தோடு வந்திருந்தாள், நான் தின்ன முடியாது என்று தெரிந்தும். கவிதா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏக்கா, ஊசி ஓட்ட உளுந்த பீஸை ஒட்டுத் தச்சு நீ பாஸ் பண்ணி உடுவியா? சொல்லு. எத்தன பேருத்த அழுக உட்டிருப்ப நீயி."

பனியன் துணியில் ஒரு ஊசி ஓட்டை விழுந்தால் அது நிற்காது, துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். அதைத் தைத்து மறைத்த பெண்களை நான் நாறடித்திருக்கிறேன். தாளை வாங்கி, 'நான் பனியன் இல்லை' என்று எழுதி அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமாக்கா. பனியனா இருந்தா வீசிப்போட்டு வேற பீஸ எடுத்துக்குவோம். நீ ஒண்ணுதான இருக்கற."

நான் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

டாக்டர் வந்தபோது ஒரே கேள்விதான் எழுதினேன். சுரண்டினால் எத்தனை நாள்?

"தெரியாதும்மா. பல வருஷம் நல்லாவும் இருக்கலாம். சீக்கிரமே வளர்ந்து மூச்சு அடைக்கவும் செய்யலாம். பொய் சொல்ல மாட்டேன்."

மூச்சு நின்ற அந்தச் சாயங்காலம் இன்னொரு தடவை வரும் என்று தெரிந்துகொண்டு எத்தனை நாள் பேசினால்தான் என்ன? யாரிடம் என்ன பேசப்போகிறேன்? இரண்டு நாள் யோசித்தேன். யோசிப்பதென்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கூரையில் ஓடுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சம்மதக் கையெழுத்துக்கு டாக்டரே தாள் கொண்டுவந்தார். சிவகுமார் பேனாவை எடுத்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் வாயைக் காட்டினேன், டாக்டரைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. குழாயைச் சுற்றி உள்ளே ஊதி வைத்திருந்த சின்னப் பலூனைத் தளர்த்திவிட்டு, என் கட்டைவிரலை எடுத்துக் குழாயின் வாயில் வைத்தார். "கொஞ்சம்தான் காற்று மேல போகும்மா. ரெண்டு வார்த்தை சொல்லலாம்."

அழுத்தினேன். தொண்டை பிளந்தாற்போல இருந்தது.

"எல்லாத்தையும்... எடுத்துருங்க."

விரலை எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறுபடி அழுத்தினேன், பையனைப் பார்த்து.

"நீ சொல்லி இல்லடா. நாஞ் சொல்லி."

பிறகு பழனாத்தாள் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வார்த்தைகள்தான் என் சொந்தக் குரலில் நான் கடைசியாகப் பேசியவை.

ஆபரேஷனுக்குப் பிறகான நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு நினைவில்லை. மூக்கில் குழாய், அதில் கஞ்சித் தண்ணீர். கழுத்தின் இரண்டு பக்கமும் இரத்த நீர் வடிகிற குழாய். ஓட்டையில் சளி சேர்ந்தால் உறிஞ்சு குழாயை விட்டு எடுப்பார்கள். அப்போது உயிர் கழுத்து வழியாகவே போவதைப் போல இருக்கும். இரவில் அடுத்த கட்டில்காரர்கள் முனகுவார்கள். முனகக்கூட முடியாமல் நான் கிடந்தேன். அழுதால் கண்ணீர் வருகிறது, சத்தம் வருவதில்லை. சத்தமில்லாத அழுகையில் பாரம் இறங்குவதே இல்லை. ஒரு நாள் செத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் என்ன, பல நாள்.

சிவகுமார் தினமும் வந்து உள்ளங்காலைத் தேய்த்துவிட்டான். காப்பீட்டில் ஆபரேஷன் செலவு போனாலும் வெளியில் எடுத்த சோதனைகளுக்கும் மருந்துக்கும் அவன்தான் கட்டினான். அவன் பஸ்ஸில் வந்து போவது தெரிந்து, பைக் எங்கே என்று எழுதிக் கேட்டேன். சர்வீசுக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். காது மடலைப் பார்த்தேன். விற்றிருந்தான். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எடுத்த குரல்வளையைச் சோதித்து, ஓரங்களில் கட்டி மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. இந்தத் தடவை யாரும் ஜிலேபி வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வாசனை போய்விட்டது. மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் ரசம் கொதித்தாலும் தெரியாது, அடிப்பிடித்தாலும் தெரியாது. குளிக்கும்போது ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு தூசி நேராக நுரையீரலுக்கே போகும் என்பதால் கம்பெனிக்குப் போகக் கூடாது என்றுவிட்டார்கள். நூர்ஜகான், வெட்டிப்போட்ட பனியன் துணியில் கழுத்து ஓட்டையை மூடிக் கட்டிக்கொள்ளச் சின்னத் துணிகள் தைத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தாள். நீலம், சாம்பல், ரோசு என்று. ஓரம் அடித்து, ஒரு நூல் பிசிறு இல்லாமல். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பாரு பாரு, நல்லாப் பாரு. உன்றகிட்டக் குடுக்கறதுன்னு ஒவ்வொரு தையலையும் ரெண்டு தடவ பாத்துப்போட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

பார்க்க வருகிறவர்கள் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கவிதாவிடம் என்னைப் பற்றிக் கேட்பார்கள். "எப்படிச் சமாளிக்கறீங்க?" என்று அவளிடம் கேட்ட ஒரு சொந்தக்காரிக்கு நான் காபி கொடுக்க விடவில்லை. புண் நன்றாக ஆறியபின் பேசுவதற்கு உள்ளே ஒரு வால்வு வைக்க முடியுமா என்று பார்ப்பார்களாம். அதுவரைக்கும் கழுத்தில் அழுத்திப் பேசுகிற ஒரு சின்ன மிஷின் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து எவனோ பேசுவதைப் போலிருந்தது. இதுவா பழனாத்தாள் குரல்? அலமாரியில் வைத்துப் பூட்டினேன். செக்கப்புக்குப் போகும்போதும் எடுத்துப் போவதில்லை.

போன மாதம் செக்கப்பில் டாக்டர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், எனக்கு இருந்த அதே கட்டி, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மறுக்கிறார், நீங்கள் வந்து உட்கார்ந்தாலே போதும் என்றார். போனேன். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை. மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறுகிறவராம். மூச்சை இழுக்கும்போது 'ஈ' என்ற சத்தம் எனக்கு வாசலிலேயே கேட்டது.

"ஏலம் கூறறவனுக்குத் தொண்டைய எடுத்துப்போட்டா மிச்சம் என்னுங்க இருக்குது?" என்றார், என்னைப் பார்த்து.

அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிங்கம்மா இருக்கும்? வலிக்குமுங்களா?"

எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தபின் பையனுக்குக்கூட நான் கழுத்தை அவிழ்த்துக் காட்டியதில்லை. ஆனாலும் கழுத்துத் துணியை அவிழ்த்தேன். அந்த ஓட்டையை, அதில் மூச்சு போய் வருவதை, அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. எழுந்தார்.

"வா அம்மிணி, போலாம்."

டாக்டர் கூப்பிடக் கூப்பிட வெளியே போய்விட்டார். நான் எழுந்து பின்னாலேயே போனேன். அவர் வேகமாக நடந்தார், சம்சாரம் பின்னாலேயே ஓடினாள். வாயை அகலத் திறந்து கூப்பிட்டேன். கழுத்தில் காற்று சீறியது, அவ்வளவுதான். கையைத் தட்டினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. லிப்ட் கதவு மூடியது. டாக்டரிடம் அவர் விலாசத்தைக் கேட்டு எழுதிக் காட்டினேன். கொடுக்கக் கூடாதாம்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். யார் கைக்காவது போய், அவர் கைக்குப் போகட்டும்.

ஏனுங்க, நான் காட்டியது பாதிதான். மீதியைச் சொல்வதற்குள் போய்விட்டீர்கள். முதலில் செத்திருக்கலாம் என்றுதான் தோன்றும், அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒரு நாள் பசிக்கும். வாசனை இருக்காது, இருந்தாலும் பசிக்கும். படுத்தால் மூச்சு அடைக்காது. கட்டியோடு படுத்துப் பார்த்திருக்கிறீர்கள், அது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஏலம் போய்விடும், உண்மைதான். உங்கள் சம்சாரம் பின்னாலேயே ஓடிவந்தாளே, அவள் இருப்பாள். நீங்கள் மனசு மாறுகிற வரைக்கும் கட்டி காத்திருக்காது. திரும்பி வாருங்கள். அடுத்த தடவை நான் மிஷினை எடுத்துக்கொண்டுதான் வருவேன். தகர டப்பாக் குரல்தான். நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.